வாக்ஸா, சீலன்ட்டா? உங்கள் காருக்கு எது என்று முடிவெடுப்பது முதல் பூசி முடிப்பது வரை

வாக்ஸும் சீலன்ட்டும் கார் பெயின்ட்டைக் காக்கவும் பளபளப்பாக்கவும் மேலே பூசும் பூச்சுகள். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் டப்பாவைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அதன் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிப்பது காரைக் கழுவி, துடைத்து, பூசும் பேடைக் கையில் எடுத்த பிறகுதான். அங்கே "24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது" என்று இருக்கும், வானம் கறுத்துக்கொண்டிருக்கும்.

வாக்ஸுக்கும் சீலன்ட்டுக்கும் முன்தயாரிப்பு வேறு, காத்திருக்கும் நேரம் வேறு, அந்த நாளுக்கான திட்டமே வேறு. அதனால் முடிவு முதலில், கடை அப்புறம். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்கள் 4-வது பகுதிக்குப் போகலாம், ஆனால் 3-வது பகுதியில் உங்கள் கார் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. இரண்டும் என்ன செய்கின்றன, எதைச் செய்யாது

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத அடுக்கு இருக்கிறது. பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான். வெயில், பறவை எச்சம், மரப்பிசின், உப்புத் தண்ணீர் என்று வருகிற எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது இதுதான். வாக்ஸோ சீலன்ட்டோ அதற்கு மேல் ஒரு மெல்லிய படலமாக நின்று, முதல் அடியைத் தான் வாங்கிக்கொண்டு தேய்ந்து போகிறது. தேய்வதே அதன் வேலை என்பதால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது.

கார் வாக்ஸில் முக்கியமான பொருள் பெரும்பாலும் கார்னாபா. பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது. சுத்தமான கார்னாபா சுமார் 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும், கையால் பூச முடியாத அளவுக்குக் கடினமாக இருக்கும். அதைப் பூசும் பதத்துக்குக் கொண்டுவர எண்ணெய், கரைப்பான், வேறு மெழுகுகள் எல்லாம் சேர்க்கிறார்கள். டப்பாவில் இருப்பது அந்தக் கலவை, அதனால் சுத்தக் கார்னாபாவை விடக் குறைந்த சூட்டிலேயே அது இளகத் தொடங்கும்.

சீலன்ட் செயற்கைப் பாலிமர். பூசிய பிறகு கரைப்பான் ஆவியாகி, பாலிமர் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகி, கிளியர் கோட்டைப் பற்றிக்கொள்ளும். அதற்கு நேரம் வேண்டும், எண்ணெய்ப் பசை இல்லாத வெறும் பெயின்ட் வேண்டும். பசை இருந்தால் அது பெயின்ட்டைப் பற்றாமல் பசையைப் பற்றிக்கொண்டு, பசை போகும்போது தானும் போய்விடும். வேலை முறையில் கீழே வரும் மாற்றங்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்திலிருந்துதான் வருகின்றன.

இரண்டில் எதுவும் கல் தெறிப்பதையோ சாவிக் கீறலையோ தடுக்காது. பறவை எச்சத்திடமிருந்தும் முழுப் பாதுகாப்பு கிடையாது. அது பெயின்ட்டை அரிக்கும் முன் துடைக்க உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

2. முடிவெடுக்க மூன்று கேள்விகள், இதே வரிசையில்

முதல் கேள்வி: கார் பகலில் எங்கே நிற்கிறது? திறந்த வெளியில், கடும் வெயிலில் நிற்கும் அடர் நிறக் காரின் பானெட் 70 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் வாக்ஸ் படலம் இளகும், தூசியைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த கழுவலில் ஒரு பகுதி ஷாம்பூவோடு போய்விடும். தினமும் வெளியே நிற்கும் காருக்குச் சீலன்ட்தான், இதில் நான் இரண்டாவது யோசனையே செய்ய மாட்டேன். மூடிய ஷெட்டில் நின்று, வாரத்தில் ஓரிரு முறை வெளியே போய்வரும் கார் என்றால் வாக்ஸும் நன்றாகவே நிற்கும்.

இரண்டாவது கேள்வி: எத்தனை நாளைக்கு ஒருமுறை இதற்காக நேரம் ஒதுக்குவீர்கள்? ஆசைப்படுவதைச் சொல்லாமல் நடக்கப் போவதைச் சொல்லுங்கள். வெளியே ஓடும் காரில் கார்னாபா வாக்ஸ் பொதுவாக 4 முதல் 8 வாரம் தாங்கும், நிழலில் நிற்கும் காரில் மூன்று மாதம் வரை போகலாம். நன்றாகப் பூசிய சீலன்ட் 4 முதல் 6 மாதம். டப்பாவில் "12 மாதம்" என்று போட்டிருந்தால் அது எல்லாம் சாதகமாக அமைந்தால் கிடைக்கும் கணக்கு, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உட்கார முடியாது என்றால் வாக்ஸ் வாங்காதீர்கள். முதல் தடவை மிக அழகாகப் போட்டுவிட்டு அடுத்த பத்து மாதம் பெயின்ட்டை வெறுமனே விடுவதை விட, ஆண்டுக்கு இரண்டு தடவை சீலன்ட் போடுவது எவ்வளவோ மேல்.

மூன்றாவது கேள்வி: நிறமும், உங்கள் கண்ணுக்கு எது பிடிக்கிறது என்பதும். கறுப்பு, அடர் சிவப்பு, அடர் நீலம் போன்ற நிறங்களில் வாக்ஸ் கொஞ்சம் ஆழமும் கனிவும் தரும். சீலன்ட்டின் பளபளப்பு கண்ணாடித் தன்மையோடு கூர்மையாக இருக்கும், வெள்ளையிலும் வெள்ளியிலும் மெட்டாலிக் நிறங்களிலும் அது நன்றாக எடுபடும். ஆனால் நன்றாகத் தயார் செய்த பெயின்ட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பூசிக் காட்டினால் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பலர் திணறுவார்கள். பளபளப்பில் பெரும் பங்கு அடியில் இருக்கும் பெயின்ட்டின் நிலைக்குத்தான். அதனால்தான் இந்தக் கேள்வி மூன்றாவதாக வருகிறது: முதல் இரண்டும் தெளிவான விடை தராதபோது மட்டும் இதைக் கேளுங்கள்.

கடையில் நிற்கும்போது ஒரு எச்சரிக்கை. முன்பக்கத்தில் "கார்னாபா" என்று பெரிதாகப் போட்ட பல புட்டிகளில் பாலிமரும் கலந்திருக்கும். "செராமிக்", "சிலிக்கா" என்று போட்ட பல ஸ்ப்ரேக்கள் உண்மையில் சீலன்ட் வகைதான், தனியாகப் பூசி இறுகவைக்கும் செராமிக் கோட்டிங் வேறு. முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். பூசியபின் பல மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, அடுத்த கோட்டுக்கு முன் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தால் அதைச் சீலன்ட்டாகவே நடத்துங்கள்.

இன்னொன்று, "கிளீனர் வாக்ஸ்" என்று வருவதில் தேய்ப்பான் துகள்கள் இருக்கும். மங்கிப்போன பழைய பெயின்ட்டுக்கு அது சரி, நல்ல நிலையில் இருக்கும் பெயின்ட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் துளித் துளியாகக் குறைந்துகொண்டே வரும்.

3. இந்தக் கார்களுக்குக் கணக்கு வேறு

அண்மையில் மறுபெயின்ட் அடித்த பகுதி: தொழிற்சாலையில் பெயின்ட்டை 100 டிகிரிக்கு மேலான அடுப்புச் சூட்டில் இறுகவைக்கிறார்கள், ஆகவே புதுக் காரில் உடனே பூசலாம். ஒர்க்‌ஷாப்பில் அடித்த பெயின்ட் அவ்வளவு சூட்டைப் பார்ப்பதில்லை, கரைப்பான் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். 30 முதல் 90 நாள் வரை எதையும் பூசி மூட வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை. உங்கள் பெயின்ட்டுக்கு எத்தனை நாள் என்று அடித்தவரிடமே கேளுங்கள்.

கிளியர் கோட் இல்லாத பழைய கார்: கண்ணில் படாத ஓர் ஓரத்தில் லேசாகப் பாலிஷ் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் கிளியர் கோட் இல்லை. இந்த வகைப் பெயின்ட் காய்ந்து வெளிறும் தன்மை கொண்டது, எண்ணெய் கலந்த வாக்ஸ் இதற்கு நன்றாகப் பொருந்தும்.

மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட்: சாதாரண வாக்ஸும் வேண்டாம், பாலிஷ் பக்கமே போக வேண்டாம். அங்கங்கே பளபளப்புத் திட்டு விழுந்தால் திரும்ப மேட் ஆக்க முடியாது. மேட்டுக்கென்றே வரும் சீலன்ட் மட்டும்.

ஏற்கெனவே செராமிக் கோட்டிங் போட்ட கார்: அதன் மேல் வாக்ஸ் போட்டால் கோட்டிங்கின் தண்ணீர் உதறும் தன்மையை வாக்ஸ் மறைத்துவிடும். கோட்டிங்கோடு சேரும் என்று குறிப்பிட்ட ஸ்ப்ரேயை மட்டும் பயன்படுத்துங்கள்.

4. கார் மேல் கை வைப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

பாதி வேலையில் துணி போதாமல் போவதுதான் நான் அதிகம் பார்க்கும் தடுமாற்றம். துடைக்க மட்டும் ஆறு மைக்ரோஃபைபர் துணியாவது வேண்டும், 300 முதல் 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற துணியின் எடை அளவு) போதும். ஒவ்வொன்றையும் நான்காக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் நிறைந்ததும் அடுத்ததுக்குத் திருப்புவது, எட்டும் முடிந்தால் புதுத் துணி. பழைய டி-ஷர்ட் வேண்டாம். தையலும் மடிப்போரமும் கறுப்புக் காரில் கோடு போட்டுவிடும்.

மற்றவை: பிஎச் சமநிலையுள்ள (அமிலத்தன்மையோ காரத்தன்மையோ இல்லாத) கார் ஷாம்பூ, இரண்டு வாளி, கையில் மாட்டிக் கழுவும் மைக்ரோஃபைபர் கழுவுறை, உலர்த்த ஒரு பெரிய துண்டு, இரும்புத் துகள் நீக்கி, க்ளே பாரும் (பெயின்ட்டில் ஒட்டியதை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) அதற்கான வழுக்குத் திரவமும், இரண்டு ஃபோம் பேட், பெயின்ட் மேல் ஒட்டும் மெல்லிய மாஸ்கிங் டேப். சீலன்ட் என்றால் இவற்றோடு பேனல் துடைப்பான் (எண்ணெய்ப் பசையை நீக்கும் திரவம்) அல்லது தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வேண்டும்.

புதுத் துணிகளை ஒருமுறை துவைத்துவிட்டுத் தொடங்குங்கள். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், அது இழைகளில் படிந்து, துடைக்கும்போது பெயின்ட்டில் ஏறும்.

5. இடமும் நேரமும்

நிழல் வேண்டும். கூடவே பேனல் (பானெட், கதவு போன்ற ஒவ்வொரு தகடும்) உள்ளபடியே குளிர்ந்திருக்க வேண்டும்: புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் பொறுங்கள். இப்போதுதான் ஓட்டி வந்த கார் என்றால் நிழலில் நிறுத்தினாலும் எஞ்சின் சூட்டில் பானெட் வெகுநேரம் சூடாகவே இருக்கும். சூடான தகட்டில் கரைப்பான் நொடிகளில் பறந்துவிடும், மிஞ்சுவது துடைக்க வராத திட்டு.

வாக்ஸ் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். சீலன்ட் என்றால் பூசிய பிறகு 12 முதல் 24 மணி நேரம் மழையும் பனியும் படாத கூரை வேண்டும். அந்தக் கூரை கிடைக்காது என்றால், ஈரத்திலேயே தெளித்துக் கழுவிவிடும் வகைச் சீலன்ட்டைப் பாருங்கள். அவ்வளவு நாள் நிற்காது, ஆனால் இறுகுவதற்குள் நனைந்து கெடும் முழுச் சீலன்ட்டை விட மேல்.

6. கழுவுதல்

முதலில் வெறும் தண்ணீர் பீய்ச்சித் தளர்ந்த மண்ணை எல்லாம் இறக்குங்கள். அதைச் செய்யாமல் கழுவுறையை வைத்தால் அந்த மண்ணைக் கொண்டே பெயின்ட்டைத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒரு வாளியில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கழுவுறையை ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள்: கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி, கடைசியில் கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும். மண் அதிகம் இருப்பது கீழேதான், அதை மேலே கொண்டுபோகக் கூடாது. சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி.

பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டால் பழைய வாக்ஸ் போய்விடும் என்று பலரும் சொல்வார்கள். ஓரளவு போகும், முழுதாகப் போகாது. ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் உலர்த்தும். அந்த வேலையை 7, 9 ஆகிய பகுதிகள் ஒழுங்காகச் செய்துவிடும், இதற்காகச் சமையலறைக்குப் போக வேண்டாம்.

7. ஒட்டிக்கொண்டதை நீக்குதல்

கழுவிய பெயின்ட் சுத்தமானது என்று நினைத்து நேராகப் பூசப் போவது அடுத்த பொதுத் தவறு. ஈரமாக இருக்கும்போதே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பானெட்டை லேசாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பையின் வழியாகத் தெளிவாகத் தெரியும். பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகள், தார், பிசின், காற்றில் வந்த பெயின்ட் தூறல் எல்லாம் அங்கே பதிந்திருக்கும். இவற்றின் மேல் பூசினால் அவற்றையும் சேர்த்து மூடிவைக்கிறீர்கள்.

முதலில் இரும்புத் துகள் நீக்கி, அப்புறம் க்ளே. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. நீக்கி இரும்போடு வினைபுரிந்து ஊதா நிறத்தில் வழியும், தேய்க்காமலேயே துகள்கள் கரைந்து போகும். க்ளேயை முதலில் போட்டால் அந்தக் கூர்மையான துகள்கள் க்ளேயில் சிக்கிக்கொண்டு பெயின்ட்டைக் கீறும். நீக்கியைக் குளிர்ந்த பேனலில் தெளித்து, புட்டியில் சொன்ன சில நிமிடங்கள் விட்டு, காய்வதற்குள் கழுவிவிடுங்கள். நாற்றம் கடுமையாக இருக்கும், காற்றோட்டமான இடத்தில் கையுறையோடு செய்யுங்கள்.

க்ளேயைச் சின்னத் துண்டாகப் பிய்த்து, உள்ளங்கையில் சூடாக்கித் தட்டையாக்குங்கள். பேனலில் வழுக்குத் திரவத்தைத் தாராளமாக அடித்து, அழுத்தாமல், நேர்கோட்டில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தொடக்கத்தில் க்ளே லேசாகச் சிக்கும், கரகரவென்று மெல்லிய சத்தம் வரும். இழுவை குறையக் குறையச் சத்தமும் அடங்கி, ஒரு கட்டத்தில் க்ளே தடையில்லாமல் வழுக்கும். அங்கே நிறுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். அழுக்கான முகத்தை அடிக்கடி உள்ளே மடியுங்கள். தரையில் விழுந்த க்ளேயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கழுவி மீண்டும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வேண்டாம், மணல் உள்ளே புதைந்திருக்கும்.

பின்னர் ஒருமுறை கழுவி முழுதாக உலர்த்துங்கள். கண்ணாடி மடிப்பு, சின்னம், கதவுக் கைப்பிடி, எரிபொருள் மூடி இங்கெல்லாம் தண்ணீர் ஒளிந்திருந்து, நீங்கள் பூசிக்கொண்டிருக்கும்போது சரியாக வழியும். ஊதும் கருவி இருந்தால் அடியுங்கள், இல்லாவிட்டால் கதவுகளையும் பானெட்டையும் திறந்து மூடித் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள்.

8. பாலிஷ் இப்போது வேண்டுமா

பாலிஷ் என்பது கிளியர் கோட்டில் கொஞ்சத்தைத் தேய்த்து எடுத்து மேற்பரப்பைச் சமமாக்கும் வேலை. சாதாரண வாக்ஸும் சீலன்ட்டும் எதையும் எடுப்பதில்லை. கைபேசி டார்ச்சை பெயின்ட் மேல் பிடியுங்கள். ஒளியைச் சுற்றி வட்டவட்டமாக நுண்கீறல் தெரிந்து, அது உங்களை உறுத்தினால் இப்போது பாலிஷ் போடுங்கள். உறுத்தவில்லை என்றால் தாண்டிப் போங்கள், பாதுகாப்புக்கு அது கட்டாயமில்லை.

ஒன்றை மட்டும் யோசியுங்கள். கீறலோடு சீலன்ட் போட்டால் ஆறு மாதம் அதே கீறலைத்தான் பார்ப்பீர்கள். வாக்ஸில் இருக்கும் எண்ணெய் நுண்கீறல்களை ஓரளவு நிரப்பி மறைக்கும், சீலன்ட் அப்படி மறைப்பது குறைவு. பாலிஷ் போடும் எண்ணம் இருந்தால் அது பூச்சுக்கு முன்னால்தான் வர வேண்டும், பின்னால் போட்டால் பூசியதையே தேய்த்து எடுத்துவிடுவீர்கள்.

9. வெறும் பெயின்ட்டாக்குதல் (சீலன்ட்டுக்குக் கட்டாயம்)

பாலிஷில் எண்ணெய் உண்டு, க்ளே வழுக்குத் திரவத்திலும் படலம் விடும் பொருட்கள் உண்டு. சீலன்ட் இவற்றின் மேல் ஒட்டாது. சீலன்ட் ஒரு மாதத்திலேயே போய்விட்டது என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் இந்த ஒரு படியைத்தான் விட்டிருப்பார்கள்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 15 முதல் 25 சதவீதம் இருக்கும்படி கலந்து, துணியில் லேசாகத் தெளித்து, ஒவ்வொரு பேனலாகத் துடையுங்கள். உடனே இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கடுமையாகத் தேய்க்க வேண்டாம், சில மென்மையான கிளியர் கோட்டில் அதுவே கோடு போடும். பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. இதற்குப் பிறகு பெயின்ட்டை வெறும் கையால் தொடாதீர்கள்.

வாக்ஸ் போடுபவர்கள் இந்தப் படியை விட்டுவிடலாம். வாக்ஸுக்கு லேசான எண்ணெய்ப் பசை ஒரு தடையே இல்லை.

சரி, இப்போது கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்களிலும் ரப்பரிலும் டேப் ஒட்டுங்கள். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் வாக்ஸ் ஏறினால் காய்ந்து வெள்ளையாகத் தெரியும், அதை எடுக்கப் பிரஷ்ஷும் பொறுமையும் நிறைய வேண்டும். முன் கண்ணாடியிலும் பூசாதீர்கள், வைப்பர் தடதடக்கும், மழையில் பார்வை மங்கும்.

10. சீலன்ட் பூசுதல்

பேடில் மூன்று நான்கு துளி. அது போதுமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும், போதும். நடுத்தர அளவு கார் முழுவதற்கும் சுமார் 30 மில்லி போதுமானது. பெயின்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடுக்கு மட்டுமே பற்றும், அதற்கு மேல் இருப்பதெல்லாம் துணியில் வந்துவிடும். கனமாகப் பூசியதால் கூடுதல் நாள் நிற்பதில்லை, துடைக்கும் வேலைதான் இரட்டிப்பாகும்.

அரைப் பேனல் அளவை எடுத்துக்கொண்டு, முதலில் இடவலமாகவும் பிறகு மேல்கீழாகவும் பரப்புங்கள். குறுக்கும் நெடுக்கும் போனால் எந்த இடமும் விடுபடாது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மெல்லிய மூட்டம் மட்டும் தெரிய வேண்டும். வெள்ளைக் கோடுகள் எழும்பி நின்றால் அளவு அதிகம்.

பெரும்பாலான சீலன்ட்களைக் கார் முழுக்கப் பூசிவிட்டு, பூசத் தொடங்கிய பேனலிலிருந்து துடைத்து வரலாம். சிலவற்றை உடனுக்குடன் துடைக்க வேண்டும், அது புட்டியில் எழுதியிருக்கும். துடைக்கலாமா என்று அறிய நேரத்தைப் பார்க்காமல் விரலைப் பயன்படுத்துங்கள். பூசிய இடத்தில் ஒரு விரலை மடித்த துணிக்குள் வைத்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக, பளிச்சென்று வந்தால் தயார். இழுவிக்கொண்டு வந்தால் இன்னும் சில நிமிடம்.

துடைக்க இரண்டு துணி: முதலாவது மூட்டத்தை எடுக்க, இரண்டாவது மிச்ச மீதியைத் துடைத்தெடுக்க. முடிந்ததும் டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள். விட்டுப்போன திட்டு அன்றைக்கு இரண்டே இழுப்பில் வரும். இறுகிய பிறகு அதற்காகவே மீண்டும் பேனல் துடைப்பானை எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது கோட் போடுவதன் நோக்கம் தடிமன் கூட்டுவதை விட விடுபட்ட இடங்களை மூடுவதே. முதல் கோட் இறுகும் நேரம் முடியும் முன் போட்டால் அதில் இருக்கும் கரைப்பான் முதல் கோட்டையே கலைத்துவிடும். அந்த 12 முதல் 24 மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தாலும் குளிராக இருந்தாலும் மேல் எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள்.

சக்கர விளிம்புகளுக்கும் இதையே பூசலாம். பிரேக் சூட்டில் வாக்ஸ் அங்கே அதிக நாள் நிற்காது. பிரேக் டிஸ்க்கில் மட்டும் துளிகூடப் படக் கூடாது.

11. வாக்ஸ் பூசுதல்

பேடை லேசாக ஈரமாக்கிப் பிழிந்துவிட்டு, டப்பாவில் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு பேனலுக்குப் போதும். பரப்பும் முறை சீலன்ட்டைப் போலத்தான், வித்தியாசம் துடைப்பதில். ஓரிரண்டு பேனல் பூசியதும் துடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். முழுக் காருக்கும் பூசிவிட்டுத் திரும்பி வந்தால், முதலில் பூசிய பானெட்டில் அது இறுகிப்போய் கையை உடைக்கும். விரல் சோதனை இங்கேயும் அதேதான்.

துடைக்க வராமல் இறுகிவிட்டால் பலத்தைக் காட்ட வேண்டாம். அதே வாக்ஸை அதன் மேல் கொஞ்சம் பூசுங்கள். புதிய வாக்ஸில் இருக்கும் கரைப்பான் பழையதை இளக்கும், உடனே துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

துடைத்த சில மணி நேரத்தில் சில வாக்ஸ்களில் எண்ணெய் மேலே கசிந்து மங்கலான படலம் தெரியும். சுத்தமான துணியால் ஒருமுறை லேசாக வருடினால் போய்விடும். இதைப் பார்த்துப் பயந்து மீண்டும் கழுவுபவர்கள் உண்டு, தேவையில்லை.

12. இரண்டையும் சேர்த்துப் போடலாமா

போடலாம், சீலன்ட் கீழே, வாக்ஸ் மேலே. சீலன்ட் முழுதாக இறுகிய பிறகு, அதாவது குறைந்தது அடுத்த நாள், வாக்ஸ் பூசுங்கள். வாக்ஸ் எதன் மேலும் நிற்கும். தலைகீழாகச் செய்தால் சீலன்ட்டுக்குப் பெயின்ட் கிடைக்காது, வாக்ஸ் கரையும்போது அதுவும் உதிரும். ஆனால் வாக்ஸ் போய்விட்டாலும் சீலன்ட் இருக்கிறது என்ற நிம்மதி முதல் வரிசையில் உண்டு. அடர் நிறக் காரை வெளியே நிறுத்துபவர்கள், வாக்ஸின் தோற்றமும் வேண்டும் என்றால் இதைச் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. வெள்ளைக் காருக்கு இந்தக் கூடுதல் வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

13. அடுத்து எப்போது

தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது, தட்டையாகப் பரவினால் போய்விட்டது என்பது பாதி உண்மை. மேலே அழுக்குப் படிந்திருந்தாலும் முத்து நிற்காது. அதனால் முதலில் நன்றாகக் கழுவுங்கள், அப்புறம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து திரும்பி வந்தால் பூச்சு அங்கேயேதான் இருக்கிறது. சில சீலன்ட்கள் முத்தாக நிறுத்தாமல் தண்ணீரை விரிப்பாக வழித்து இறக்கும்படியே செய்யப்பட்டவை, முதல் கழுவலில் எப்படி இறங்கியது என்பதை நினைவில் வைத்து அதோடு ஒப்பிடுங்கள்.

இடையில் பறவை எச்சமோ பூச்சியோ விழுந்தால் அன்றைக்கே ஈரத் துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து எடுங்கள், காய்ந்ததைத் தேய்க்காதீர்கள். கடினத் தண்ணீரில் கழுவினால் வெயிலில் காயவிடாதீர்கள், அதில் உள்ள கால்சியம் வட்ட வட்டக் கறையாக நின்றுவிடும், பூச்சு இருந்தாலும்தான்.

பூச்சு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தேய்வதில்லை. வெயில் நேராக விழும் பானெட்டும் கூரையும், மண் தெறிக்கும் கதவின் கீழ்ப்பகுதியும் முதலில் போகும், பக்கவாட்டு மேல்பகுதிகள் இன்னும் நன்றாக இருக்கும். வாக்ஸ் என்றால் கழுவி உலர்த்தி அந்த இடங்களில் மட்டும் அரைமணி நேரத்தில் ஒரு கோட் போட்டுவிடலாம். சீலன்ட் என்றால் அந்தப் பேனல்களை மட்டும் 7-வது பகுதியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.